கண்டியில் கண்ட கலியாணக் கோலம்

வேலூரிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கண்டி என்னும் பெயர் தூரதேசத்துப் பெயர் அன்று. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று வழங்கும் இடத்திலே கண்டி ராஜ்யத்தின் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உறங்குகிறான். 1815ஆம் வருஷம் ஆங்கிலேயரால் சிறைபிடிக்கப்பட்டு, மறு வருஷம் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இந்த ஊரிலேயே காலமான அந்த மன்னனுடைய கதையை, கோட்டை அகழிக்கரையில் மாலை வேளைகளில் உட்கார்ந்து என் பாட்டனார் சொல்லக் கேட்டவன் நான். ஆதலால், கண்டியிலே பள்ளி ஆசிரியராக இருக்கும் மலையகத் தமிழ் நண்பர் ஒருவர், தம்முடைய அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தில் விவாகம் நடக்கப்போவதாகவும், அந்த வீட்டார் என்னையும் அழைத்திருப்பதாகவும் கடிதம் எழுதியபோது, நெடுநாளாக ஒத்திப்போட்டு வந்த பிரயாணத்துக்கு இதுவே தருணம் என்று தீர்மானித்தேன். பெண்ணுக்குக் கொடுக்கவென்று காஞ்சிபுரத்தில் அரக்குச் சிவப்பிலே பட்டுப் புடவை ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ரயில் பாதை 1867இல் முடிந்தது. ரம்புக்கனையைத் தாண்டியதும் வண்டி மலையேறத் தொடங்குகிறது. ஒரு பக்கம் ஈரம் கசியும் பாறை, மறு பக்கம் படிப்படியாக இறங்கும் வயல்களும் அவற்றுக்கு அப்பால் நீல மலைகளும் என்று அந்த வழி நெடுகக் கண்ணுக்கு விருந்துதான் என்றாலும், என் மனம் அன்று இயற்கைக் காட்சிகளில் நிலைகொள்ளவில்லை. கண்டியில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வெட்டுவித்து, பாற்கடல் என்று பொருள்படப் பெயரிட்ட ஏரி அது. அதற்குச் சற்றுத் தொலைவில், அரசனுடைய நாயக்க உறவினர்கள் குடியிருந்த தெரு மலபார் வீதி என்று பெயர் பெற்றது.

நாயக்கர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் கண்டியின் உடையைப் பற்றிச் சொல்ல இயலாது. கண்டி மன்னர்கள் தங்கள் பட்டத்தரசிகளை மதுரையிலிருந்து வருவித்துக்கொள்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1739இல் நரேந்திரசிங்கன் என்னும் அரசன் பட்டத்துக்கு உரிய பிள்ளை இல்லாமல் இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த ராணியின் சகோதரனே சிங்காதனம் ஏறினான். அன்று முதல் 1815 வரையில் நால்வர், தென்னாட்டு ரத்தம் உடையவர்கள், கண்டியை ஆண்டார்கள். அந்த நால்வரில் இரண்டாமவனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், பௌத்த சமயத்துக்குச் செய்த தொண்டினால் சிங்கள மக்களால் இன்றும் நன்றியோடு நினைக்கப்படுகிறான். மணப்பெண்களாக வந்தவர்கள் வெறுங்கையோடு வந்திருக்கமாட்டார்கள் அல்லவா? பட்டும் பணியும், அவற்றை உடுத்தவும் பூட்டவும் தெரிந்த தோழிகளும் அவர்களோடு வந்திருப்பார்கள்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் நண்பர் என்னை மகாவலி நதிக்கு அப்பால் அமுனுகம என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அங்கே தெகல்தொருவ என்னும் குகை விகாரை இருக்கிறது. பாறையைக் குடைந்து அமைத்த அந்தக் கோயில் கீர்த்தி ஸ்ரீயின் காலத்தில் தொடங்கி, அவனுடைய தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் முடிவு பெற்றது. "கலியாணத்துக்கு முன்னாடி இதப் பாத்துடுங்கண்ணே, அப்பத்தான் நாளைக்குப் பாக்கப்போறது வெளங்கும்" என்று அவர் சொன்னதன் அர்த்தம், சுவர்களின் அருகே போய் நின்றபோதுதான் தெரிந்தது. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்னும் துறவி ஓவியர் தீட்டிய வெஸ்ஸந்தர ஜாதகக் கதை சுவரிலே சிவந்த பின்னணியின்மேல் வரிசை வரிசையாக ஓடுகிறது. கேட்டவருக்கெல்லாம் யானையையும் தேரையும் கொடுத்து, கடைசியில் பெற்ற மக்களையும் மனைவியையும்கூடத் தானமாக ஈந்த அந்த ராஜகுமாரனின் கதை எந்தக் காலத்தது, எந்த நாட்டது என்பதைப் பற்றி அந்த ஓவியர் கவலைப்படவே இல்லை. தம் கண்முன் நடமாடிய கண்டி நகரத்துப் பிரபுக்களையும் ஸ்திரீகளையும் அப்படியே சுவரில் ஏற்றிவிட்டார். பூப்போட்ட துணிகளும், இடுப்பிலே திரண்ட மடிப்புகளும், மார்பின்மேல் அடுக்கடுக்காகத் தொங்கும் மாலைகளும், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு மெல்லிய கோடாக, நூல் பிடித்தாற்போல் வரையப்பட்டிருக்கின்றன. ஒரு தேசத்தின் வஸ்திர சரித்திரத்தை அறிய விரும்புகிறவன் அங்கே ஒரு பகல் முழுவதும் நிற்கலாம்.

அந்த நாளில் உடை என்பது அவரவர் விருப்பம் அன்று, ராஜ்யத்தின் கட்டளை. ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி 1660இல் கண்டி அரசனால் சிறைபிடிக்கப்பட்டு, பத்தொன்பது வருஷம் அந்நாட்டு மக்களிடையே வாழ்ந்து, 1679இல் தப்பிப்போய், 1681இல் தான் கண்டதையெல்லாம் ஒரு புஸ்தகமாக எழுதினார். உயர்குடி ஆண்கள் துணியைப் பாதிக்கால் வரையில் தழைத்துக் கட்டுவார்கள் என்றும், அவர்களுடைய பெண்கள் குதிகால் வரையில் உடுத்தி ஒரு தலைப்பைத் தோளின்மேல் போட்டுக்கொள்வார்கள் என்றும், தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மேலே எதையும் போர்த்தவும், கீழே முழங்காலுக்கு அதிகம் தழைத்து உடுத்தவும் கூடாது என்றும் அதிலே காண்கிறோம். காலிலே பாதரட்சை அணிவதோ அரசன் ஒருவனுக்கே உரிய பாக்கியம். துணியின் நீளத்தை வைத்து மனிதனின் மதிப்பை அளந்த அந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. நம் தென்திருவிதாங்கூரில் நாடார் குலத்துப் பெண்கள் தோள்சீலைக்காகப் பட்ட பாட்டை அறிந்த தமிழனுக்கு அந்தப் பக்கங்களை எளிதில் புரட்டிவிட முடியாது.

அதே நாக்ஸ் விவாகத்தைப் பற்றியும் எழுதுகிறார். மணமகன் பெண்ணுக்கு ஆறேழு கஜம் நீளமுள்ள ஒரு துணியும், நீலத்திலும் சிவப்பிலும் நூல்வேலை செய்த ஒரு சட்டையும் கொண்டுபோக வேண்டும். வாங்க வகையில்லாத ஏழையாக இருந்தால் யாரிடமாவது இரவல் வாங்குவது வழக்கமாம். பெண்ணின் உடைத் தலைப்பை மணமகனின் இடையிலே சுற்றி, இருவர் தலையிலும் நீர் வார்ப்பதும் உண்டு. கூறைப்புடவையை மணமகன் வீட்டார் எடுத்துக் கொடுத்தால்தான் முகூர்த்தம் என்றிருக்கும் நமக்கு, இதைப் படிக்கையில் அயலார் வீட்டுச் செய்தி என்றே தோன்றுவதில்லை.

முகூர்த்த நாள் விடியற்காலையில் மணமகன் வீட்டுக்குப் போனோம். அங்கே முகூர்த்தத்தை நெகத என்கிறார்கள். நட்சத்திரம் என்னும் சொல்லின் திரிபு. உடை உடுத்துவதற்கும், வீட்டை விட்டுப் புறப்படுவதற்கும், மணமேடை ஏறுவதற்கும், இறங்குவதற்கும் தனித்தனியே நெகத குறித்த ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தது. உள்ளறையில் மணமகனுக்கு உடை அணிவிக்க வந்திருந்தவர் அறுபது வயதை எட்டிய ஒரு சிங்களப் பெரியவர். இரண்டு தகரப் பெட்டிகளிலே உடைகளைக் கொண்டுவந்திருந்தார். அவை யாவும் வாடகைக்கு வந்தவை. இதைச் சொல்லும்போது எவர் முகத்திலும் ஒரு கூச்சம் இல்லை. பிரபுக்களின் பூரண உடுப்பைச் சொந்தமாக வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவே, மற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்றார் நண்பர். நாக்ஸ் காலத்து ஏழை மணமகனை நான் நினைத்துக்கொண்டேன்.

முதலில், கணுக்காலில் சுருக்கு வைத்த வெள்ளைக் காற்சட்டை. அதன்மேல்தான் காரியம் தொடங்கியது. பெரியவர் பெட்டியிலிருந்து எடுத்த வெண்துணி அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரையில் நீண்டு, அங்கே மடங்கித் திரும்பி வந்தது. மணமகனின் தம்பி அதன் கடைசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மணமகன் கைகளை உயர்த்தி அசையாமல் நடுவிலே நிற்க, பெரியவர் அவனைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொசுவம்; ஒவ்வொரு கொசுவத்தையும் கட்டைவிரல் நகத்தால் நீவி, முன்னதன்மேல் ஒரு விரற்கடை தள்ளிப் பதித்தார். பேச்சே இல்லை. சரிகைக் கரை வயிற்றின் குறுக்கே படிப்படியாக, மலைச்சரிவிலே வயல் இறங்குவதுபோல் இறங்கி வந்தது. ஒல்லியான அந்தப் பிள்ளையின் இடை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்து அகன்றது. பிரபு என்றால் பருமன் வேண்டும் என்று அந்த நாளில் நினைத்தார்கள் போலும். பிறகு அகன்ற இடைவார். அதிலே செருகிய சிறு கத்தி. பொன்னிழை ஓடிய சட்டை, தோளிலே புடைத்த கையோடு. கழுத்தைச் சுற்றித் தோளின்மேல் விரிந்த அங்கி. மார்பிலே ஒரு பதக்கம். கடைசியாக, நான்கு மூலைகளும் வெளியே நீண்டு, உச்சியிலே பொற்செடி ஒன்று முளைத்து நிற்கும் வெல்வெட்டுத் தொப்பி.

நான் சுவரோரமாக நின்று ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த நீண்ட துணிக்குப் பெயர் துப்பொட்டிய. பெரியவர் தமிழ் அறிந்தவர். "மஹத்தயா, ஒங்க ஊர்ல இதுக்கு என்னா சொல்றது?" என்று கேட்டார். "துப்பட்டி" என்றேன். அவர் சிரித்து, சட்டையைத் தொட்டுக் காட்டினார்: ஹெட்டய. நம் சகாரம் அங்கே ஹகாரமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தொப்பி தொப்பிய ஆயிற்று. பதக்கம் பதக்கம ஆயிற்று. காற்சட்டைக்குச் சொல்லும் சுருவால என்பதும், தோளங்கிக்குச் சொல்லும் மந்தே என்பதும் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள். புடைத்த சட்டைக்கையும் அவர்கள் வழியே வந்ததுதான். துப்பட்டியையும் நாமே ஆக்கினோம் என்று மார்தட்ட வழியில்லை; வடநாட்டுத் துபட்டா நம்மிடம் வந்து துப்பட்டியாகி, நம்மிடமிருந்து கடல் தாண்டித் துப்பொட்டிய ஆகியிருக்கிறது. ஒரு மனிதனின் மேனியிலே இத்தனை தேசங்களும் நூற்றாண்டுகளும் ஒருங்கே ஏறி நிற்பதை அந்த அறையில் கண்டபோது எனக்கு உண்டான பரவசம் சிறிதன்று.

மூல் அந்தும என்று இந்தப் பூரண உடுப்புக்குப் பெயர். ராஜசபையிலே நிலமேக்கள் என்னும் அதிகாரிகள் அணிந்தது. ராஜ்யம் போய் இரு நூற்றாண்டுகள் ஆன பின்பும், புத்தரின் பல்லைப் போற்றும் தலதா மாளிகையின் எசல பெரஹரா என்னும் ஊர்வலத்தில், அம்மாளிகையின் தலைமை அதிகாரியாகிய தியவதன நிலமே இதை அணிந்துதான் நடந்துவருகிறார். முன்பு சாமானியன் ஒருவன் இதைத் தொட்டிருந்தால் தண்டனை தப்பியிராது. இன்றோ தபால் சேவகரின் மகன் அணிந்து நிற்கிறான். ஆம், அன்றைய மணமகனின் தகப்பனார் ஊரிலே கடிதம் பகிர்ந்தவர். தோழர் மூவருக்கும் அதே உடைதான், பொன்வேலை மட்டும் சற்றுக் குறைவு. சட்டம் ஒரு சிலருக்கென்று வேலிகட்டி வைத்திருந்த கோலத்தை, ஒரு காலைப்பொழுதுக்காவது எல்லாருக்கும் உரியதாக்கிய பெருமை விவாகம் என்னும் சடங்குக்கு உரியது என்றே கருதுகிறேன்.

பெண்ணின் கோலத்தைக் கண்டபோது, உண்மையைச் சொன்னால், முதலில் மனம் துணுக்குற்றது. தலைமுதல் கால்வரை வெள்ளை. சுமங்கலியாகப் போகிறவள் வெண்புடவை உடுத்தி நிற்பதை ஏற்றுக்கொள்ள நம் கண்ணுக்குச் சற்று நேரம் வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே வெண்மை தூய்மையின் நிறம். ஒசரி என்னும் கண்டிப் புடவைக்கட்டிலே முன்கொசுவம் கிடையாது. இடையைச் சுற்றிக் கட்டி, இடுப்பிலே ஒரு சிறு சுருக்கு வரிசையை விசிறிபோல் வெளியே விட்டு, தலைப்பைத் தோளின்மேல் போட்டு முதுகுப்புறம் நேராகத் தொங்கவிடுகிறார்கள். நாக்ஸ் கண்ட அந்தத் தலைப்புத்தான் இது என்று எண்ணினேன். ஆங்கிலேயர் ஆட்சியிலே கொழும்புப் பக்கத்துச் சீமாட்டிகள் கவுனும் முகத்திரையும் அணிந்து மணமேடை ஏறத் தலைப்பட்ட காலத்தில், பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அநகாரிக தர்மபாலர் போன்றோர் இந்த ஒசரியையே பெண்களின் உடையாகக் கொள்ளும்படி ஊர் ஊராகப் பேசினார்கள்.

ஆபரணங்களோ எனக்கு விளக்கம் தேவைப்படாதவை. நெற்றியிலே தொங்கியது நளல்பட்ட. நெற்றிப்பட்டம் என்றே பொருள், நம் நெற்றிச்சுட்டியின் உடன்பிறப்பு. வகிட்டின் இரு பக்கமும் இர, ஹந்த, அதாவது சூரியனும் சந்திரனும். பரதநாட்டியப் பெண்கள் தலையிலே வைக்கும் அதே சூரியப் பிரபையும் சந்திரப் பிரபையும். காதிலே ஜிமிக்கி. கழுத்திலே ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு மாலை. கடைசி மாலை ஏறக்குறைய முழங்காலை எட்டுகிறது, அதன் பதக்கத்திலே பறவை ஒன்று. 1815இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை மெதமஹநுவரவில் பிடித்தபோது, அவனுடைய தேவிமார்களின் காதணிகளைப் பகைவர் அறுத்துப் பறித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படி நகை இழந்தவர்கள்தாம் வேலூருக்கு வந்தவர்கள். அவர்கள் அணிந்த கோலம் கண்டியிலே பெயர் தெரியாத குடும்பங்களின் பெண்களிடம் இன்னும் அழியாமல் நிற்கிறது என்பதை, அந்தப் பெண் தலை குனிந்து நின்ற கணத்திலே, சுட்டி அசைய அசையப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மணப்பெண்ணின் தோழிகள் நால்வரும் இளம்பச்சை ஒசரி. பூக்கூடை ஏந்திய இரு சிறுமிகளுக்குக் கணுக்கால்வரை பாவாடையும், கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த சட்டையும். ஜயமங்கல காதை என்னும் வாழ்த்துப் பாடலைப் பாட வந்த பெண்பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை.

பொருவ என்பது அவர்களுடைய மணமேடை. வெண்துணி விரித்த ஒரு மணை, நான்கு பக்கமும் பூவேலை. நடனக்காரர் மத்தளம் கொட்டி அழைத்துவர, மணமக்கள் வலது காலை முன்வைத்து ஏறினார்கள். வெற்றிலை வைத்துத் தேவர்களை வேண்டிய பின்பு, மாமன் முன்வந்து இருவரின் சுண்டுவிரல்களையும் ஒரு பொன்னூலால் பிணைத்து, மூக்குள்ள செம்பிலிருந்து நீர் வார்த்தார். தாலி இல்லை, மூன்று முடிச்சு இல்லை. ஆனால் மாமன் இருந்தார். அவரில்லாமல் கலியாணம் ஏது?

அதன்பின் நடந்த ஒன்றை நான் மறக்கமாட்டேன். மணமகன் மடித்த வெண்துணி ஒன்றைப் பெண்ணின் கையிலே கொடுக்க, அவள் அதைத் தன் தாயாரிடம் கொடுத்தாள். பாலூட்டி வளர்த்ததற்கு நன்றியாக மணமகன் மாமியாருக்கு அளிக்கும் வஸ்திரம் அது. சரிகை இல்லை, கரை இல்லை. கடையிலே அறுத்து வாங்கிய சாதாரண வெள்ளைத் துணி. அத்தனை பொன்னும் வெல்வெட்டும் மின்னிய அந்த மண்டபத்தில், அந்த அம்மாள் அதை இரு கைகளாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு, விருந்து முடியும்வரை கீழே வைக்கவே இல்லை. நம் நாட்டிலும் சில வகுப்பாரிடம் பெண்ணின் தாய்க்குப் புடவை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எண்ணிக்கையும் விலையும் பேசிப் பேசி, அதிலே இருந்த நன்றியை நாம் தொலைத்துவிட்டோமோ என்று வருத்தமாக இருந்தது.

விருந்தின்போது நண்பரோடு ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிப் பேசினேன். யாழ்ப்பாணத் தமிழராகிய சர் முத்து குமாரசுவாமியின் மைந்தர். சிங்களக் கைத்தொழில்களின் பெருமையை 1908இல் ஒரு பெருநூலாக உலகுக்குச் சொன்னவர். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1905இல், இரவல் இறகுகள் என்று பொருள்படும் தலைப்பிலே கண்டியிலிருந்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு, ஐரோப்பிய உடையைக் கண்டு மயங்கித் தம் உடையைக் கைவிட்ட இலங்கை மக்களைக் கண்டித்தார். அவருடைய துயரம் நியாயமானது. அவர் எழுதாதிருந்தால் அன்று நான் கண்டவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ தெரியாது. ஆயினும் அந்த மணமகன் அணிந்த ஒவ்வோர் உறுப்பும் எங்கிருந்தோ இரவல் வந்ததுதானே? போர்த்துகீசியக் கையும் தமிழ்ச் சட்டையும் ஒட்டிய நாளில் அதையும் யாராவது பழித்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக அன்போடு உடுத்தி வந்தால் இரவலும் சொந்தமாகிவிடுகிறது என்று நான் சொல்ல, "நூறு வருசங் கழிச்சுக் கோட்டு சூட்டையும் அப்பிடித்தானே சொல்லுவாங்க, அண்ணே?" என்றார் நண்பர். அதற்கு என்னிடம் விடை இல்லை.

பிற்பகல், புறப்படும் நெகத நெருங்கியது. புக்ககம் போகும்போது பெண் வெண்ணிற ஒசரியைக் களைந்து சிவப்புப் புடவை உடுத்துவது அங்கே வழக்கம். வேறு சிவப்புப் புடவை தயாராக இருந்தபோதிலும், தாயாரும் மகளும் தங்களுக்குள் ஏதோ பேசி, நான் கொண்டுபோயிருந்த அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரத்தையே எடுத்து உடுத்தினார்கள். ஒசரிக் கட்டிலே அந்தப் புடவையைப் பார்ப்பது எனக்குப் புதுமையாக இருந்தது. முந்தானை முதுகிலே நேராகத் தொங்க, நெய்தவனே கண்டிராத அழகு அதற்கு வந்துவிட்டது.

மணமக்களின் கார் போன பிறகு உள்ளறையிலே எட்டிப் பார்த்தேன். உடை அணிவித்த பெரியவர் தொப்பியை அதன் மரக்கூட்டிலே வைத்து மூடிவிட்டு, களைந்த துப்பொட்டியவைத் தரையிலே நீட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குள் மாத்தளையிலே வேறொரு மணமகனுக்கு அது வேண்டுமாம். உதவிக்கு இருந்த பையன் சாப்பிடப் போய்விட்டான். என்னைக் கண்டதும் ஒரு முனையை நீட்டி, "மஹத்தயா, கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்துக்கொண்டு, சுவர்வரையில் பின்னால் நடந்தேன். இருவரும் உதறினோம், காலையிலே நகத்தால் பதித்த மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பிறகு முனையோடு முனை சேர்க்க, வீட்டிலே என் தாயார் எட்டு முழ வேட்டி மடிக்கும்போது எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு போவேனே, அதேபோல் அவரை நோக்கி நடந்தேன்.